எழுந்து நின்ற மாப்பிள்ளை

நாலாவது மாடியில் லிஃப்ட் கதவு திறந்தபோது, லிஃப்ட் மெக்கானிக் உள்ளே முழங்காலிட்டிருந்தான். கண்கள் மூடியிருந்தன. கைகள் கூப்பியிருந்தன.

வெளியே கோப்புக் கட்டோடு நின்ற அம்மாள் ஓரடி பின்னால் போனார்.

"ஏன் தம்பி, நிலைமை அவ்வளவு மோசமா?"

அவன் பதறி எழுந்தான். "இல்லைங்க மேடம், லிஃப்ட் நல்லாத்தான் இருக்கு. பயப்படாம ஏறுங்க."

"ரிப்பேர் பண்றவரே கடவுள் மேல பாரத்தைப் போட்டுட்டாரு. நான் எந்தத் தைரியத்துல ஏறுறது?"

அம்மாள் படியில் ஏறிப் போனார். போகிற வழியில் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டே போனார். அரை மணி நேரத்தில் பத்து மாடிக் கட்டடம் முழுவதும் படியில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. மேலாளர் போனில் கத்தினார்.

"லிஃப்டைப் பார்க்கச் சொல்லி அனுப்பினா, ஜெபக் கூட்டமா நடத்துறே?"

"ஒத்திகை சார். கல்யாணம் வருது."

"கல்யாணத்துக்கு ஏன்டா முட்டி போடணும்? அதெல்லாம் கல்யாணத்துக்கு அப்புறம்தானே!"

மேலாளருக்கு அது வேடிக்கை. மெக்கானிக்குக் கவலை. இன்னும் நாலு வாரத்தில் கத்தோலிக்கக் கோயிலில் அவனுக்குத் திருமணம். பெண் கத்தோலிக்கப் பெண். மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள். இரண்டு வருடத்துக்கு முன் அவள் ஒரு லிஃப்டுக்குள் நாற்பது நிமிடம் மாட்டிக்கொண்டாள். கதவு இடுக்கு வழியாகப் பேச்சுக் கொடுத்தபடியே அவன் அவளை வெளியே எடுத்தான். வெளியே வந்தபோது அவளுக்குப் பயம் போயிருந்தது. அவனுக்குத் தூக்கம் போயிருந்தது.

அவன் கத்தோலிக்கன் இல்லை. கடவுளை நம்பும் வீடுதான், ஆனால் வழி வேறு. அதில் ஒரு சிக்கலும் வரவில்லை. கலப்புத் திருமணத்துக்கு ஆயரிடமிருந்து அனுமதித் தாள் வந்துவிட்டது. புதிதாக வந்திருந்த இளம் பங்குத்தந்தை அவன் தோளில் தட்டிச் சொன்னார்.

"நீங்க ஒண்ணுமே செய்ய வேணாம். அமைதியா உட்கார்ந்திருந்தாலே போதும்."

"அது போதாது ஃபாதர்" என்றான் அவன்.

போதாததற்குக் காரணம் பெண்ணின் அப்பா.

அவர் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துபவர். ஊரில் பாதிப் பேருக்கு ஸ்டீயரிங் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தவர். எல்லாருக்கும் அவர் டிரைவிங் மாஸ்டர். ஞாயிறுதோறும் கோயில் கேட்டில் விசிலும் கையுமாக நின்று வண்டிகளை ஒழுங்குபடுத்துவார். அப்படி ஒரு தொண்டு. மழையோ வெயிலோ, பூசை முடிந்து கடைசி வண்டி போகிறவரை நகரமாட்டார்.

மாஸ்டர் அவனிடம் ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார்.

"தம்பி, ஒரு பூசை முழுக்க ஒரு தப்பும் இல்லாம உட்கார்ந்து காட்டு. எழவேண்டிய நேரத்துல எழு, முட்டி போடவேண்டிய நேரத்துல முட்டி போடு. தேறிட்டேன்னா, கல்யாணத்தன்னிக்கு என் மக கையைப் பிடிச்சு நானே உள்ளே கூட்டிட்டு வர்றேன். தேறலையா, அவ தனியா நடந்து வரட்டும். நான் கேட்ல நிப்பேன்."

அவள் அன்று கண்ணாடிக் கடைக்குப் பின்னாலிருந்த சின்ன அறையில் உட்கார்ந்து அழுதாள்.

"சின்ன வயசுல என் புதுநன்மைச் சடங்குக்கும் அப்பா உள்ளே வரல. வண்டி நிறையன்னு சொன்னார். அம்மாவோட அடக்கப் பூசைக்கும் கேட்லதான் நின்னார். அழறதுக்கு அவருக்கு அதுதான் இடம்னு விட்டுட்டேன். இந்த ஒரு தடவையாவது என் கூட உள்ளே நடந்து வரணும்டா."

"வருவார்" என்றான் அவன். "மேலே கீழே போறதுதானே? அது என் தொழில்."

*

மாஸ்டரிடமே முறைகளைக் கேட்டான். மாஸ்டர் பாதி தெளிவாகவும் பாதி மூட்டமாகவும் சொன்னார்.

"மணி அடிச்சா எல்லார் முதுகும் கீழே போகும். அப்ப நீயும் போகணும். பாட்டு ஆரம்பிச்சா முதுகெல்லாம் மேலே வரும்."

"என்ன ஜெபம் சொல்லணும் மாமா?"

"அது... சத்தமா ஒண்ணு, மெதுவா ஒண்ணு. அதெல்லாம் தானா வரும்" என்று தொண்டையைச் செருமினார். பிறகு சட்டென்று குரல் தெளிந்தது. "ஆனா ஃபாதர்கிட்ட நன்மை அப்பம் வாங்க எல்லாரும் போறப்ப நீ போகக்கூடாது. எழவும் கூடாது. முட்டியை இடது பக்கம் ஒதுக்கி மத்தவங்களுக்கு வழி விடணும். யாராவது 'நீங்க வரலையா'ன்னு கேட்டா, சிரிச்சுட்டுத் தலையை ஆட்டணும். ரொம்பச் சிரிக்கக்கூடாது."

எவ்வளவு நுணுக்கமாகக் கவனித்திருக்கிறார் என்று அவன் வியந்தான்.

"சந்தேகம் வந்தா, முன்னாடி இருக்கிறவனைப் பாரு. அவன் என்ன செய்றானோ அதைச் செய்" என்று முடித்தார் மாஸ்டர்.

முதல் ஞாயிறு அவன் அதையே செய்தான். முன் பெஞ்சில் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர். அவர் எழுந்தார்; எழுந்தான். உட்கார்ந்தார், உட்கார்ந்தான். அப்புறம் அவர் மறுபடி எழுந்து நடந்தார். இவனும் எழுந்து நடந்தான். அவர் பீடத்துக்கு முன்னால் தலை வணங்கினார். இவனும் வணங்கினான். அவர் படியேறி மைக்கின் முன் நின்று புத்தகத்தைத் திறந்தபோதுதான், இவர் வாசகம் படிக்க வந்தவர் என்று அவனுக்கு விளங்கியது. அதற்குள் கோயில் முழுவதும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தது.

வெள்ளைச் சட்டைக்காரர் மெதுவாகக் கேட்டார். "நீங்க ரெண்டாவது வாசகமா?"

இந்த நேரத்தில் 'ஆமா' என்பதுதான் மரியாதையான பதில் என்று அவனுக்குத் தோன்றிவிட்டது. தலையாட்டினான்.

முதல் வாசகம் முடிகிறவரை கைகட்டி நின்றான். பிறகு உண்மையான இரண்டாவது வாசகக்காரர் வந்தார். பள்ளித் தலைமையாசிரியை. அவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்த பார்வையில், அவன் அந்த அம்மாளுக்கு வணங்கி, மைக்குக்கு வணங்கி, பூ ஜாடிக்கு வணங்கி, பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியே ஓடிவிட்டான்.

கேட்டில் மாஸ்டர் விசிலை வாயிலிருந்து எடுத்தார்.

"எல்.போர்டு கட்டிக்கிட்டு நேரா நெடுஞ்சாலையில ஏறிட்டியே தம்பி! தேறல."

*

இரண்டாவது ஞாயிறு அவன் ஒரு முடிவோடு வந்தான். முன்னால் ஆள் இருந்தால்தானே அவரைப் பார்த்து ஏமாறவேண்டும்? முதல் பெஞ்சிலேயே உட்கார்ந்தான்.

ஆனால் கோயில் வாசலில் கால் மணி நேரம் நின்ற பிறகுதான் உள்ளே போனான். போன வாரம் சிரித்த முகங்கள் எல்லாம் அங்கே இருந்தன. கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை, நாற்பது வருடமாக அங்கே மணியடிப்பவர், அவன் நிற்பதைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் கதவை இன்னும் கொஞ்சம் அகலத் திறந்து வைத்தார். அவ்வளவுதான். அவன் உள்ளே போனான்.

எல்லாம் ஓரளவு ஒழுங்காகத்தான் நடந்தது. கடைசியில் அறிவிப்புகள் வந்தன. அங்கே திருமண ஓலை வாசிப்பார்கள் என்பது அவனுக்குத் தெரியாது. மணமக்களின் பெயரை மூன்று ஞாயிறு கோயிலில் வாசித்து, மறுப்பு இருப்பவர்கள் சொல்லலாம் என்று கேட்பது வழக்கம். போன வாரம் முதல் ஓலை வாசித்தபோது அவன் கோயிலிலேயே இல்லை.

ஃபாதர் அவன் பெயரையும், அவன் அப்பா பெயரையும், அவள் பெயரையும் வாசித்தார். பிறகு நிமிர்ந்து, "இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்" என்றார்.

முதல் பெஞ்சில் மெக்கானிக் எழுந்து நின்றான்.

பெண்கள் பக்கம் அவள் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

ஃபாதர் மெதுவாகக் கேட்டார். "தம்பி, உங்களுக்குத் தடை ஏதாவது..."

"இல்லைங்க ஃபாதர்."

"அப்ப ஏன் எழுந்தீங்க?"

"என் பேரைச் சொன்னீங்களே ஃபாதர். பேரைக் கூப்பிட்டா எழுந்து நிக்கணும்னு பள்ளிக்கூடத்துல பழக்கியிருக்காங்க."

கோயில் சிரித்தது. வெள்ளைச் சட்டைக்காரர் சிரித்தார். தலைமையாசிரியை கைக்குட்டையை எடுத்தார். ஆர்மோனியம் வாசிப்பவர் சிரித்த சிரிப்பில் முழங்கை பட்டு ஒரு சுரம் நீளமாகக் கத்தியது. சிரிக்காதவர் கோயில்பிள்ளை ஒருவர்தான். அவர் அவனைப் பார்க்கவே இல்லை. வாசலைத் தாண்டி, கேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கேட்டில் மாஸ்டர் ஒரு ஸ்கூட்டரைப் பிடித்தபடி வெளிறிப்போய் நின்றார். கோபத்தில் முகம் வெளுத்துவிட்டது என்று மெக்கானிக் நினைத்தான். அவன் ஓடவில்லை. காதெல்லாம் சுட, உட்கார்ந்து, கடைசிப் பாட்டு முடிகிறவரை இருந்தான்.

அன்று மாலை மாஸ்டர் அவன் வீட்டு வாசலில் வந்து நின்றார். திட்டத்தான் வந்திருக்கிறார் என்று அவன் ஸ்டூலைத் துடைத்துப் போட்டான். அவர் உட்காரவில்லை.

"எல்லாரும் சிரிச்சாங்களே, நீ ஏன் வெளியே ஓடல?"

"போன வாரம் ஓடினேன் மாமா. ஓடினா, அடுத்த வாரம் உள்ளே வர்றது அதைவிடக் கஷ்டமா இருக்கு. அதான் உட்கார்ந்துட்டேன்."

மாஸ்டர் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தார்.

"ஆமா" என்றார். "வாரா வாரம் கஷ்டம் கூடிக்கிட்டேதான் போகும்."

பிறகு, மறந்துவிட்டதைப் போலத் திரும்பி, "தேறல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

*

மூன்றாவது வாரம் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள்.

"போனைச் சட்டைப் பையில வெச்சுக்கோ. சத்தத்தை அணைச்சுட்டு அதிர்வுல போடு. நான் பெண்கள் பக்கத்துலேருந்து அழைக்கிறேன். ஒரு அதிர்வு வந்தா எழு. ரெண்டு வந்தா உட்கார். மூணு வந்தா முட்டி போடு."

"கோயில்ல போனா?"

"ஆண்டவருக்கு என் அப்பாவைத் தெரியும். மன்னிச்சுக்குவார்."

அது அற்புதமாக வேலை செய்தது. ஒரு அதிர்வு, எழுந்தான். இரண்டு, உட்கார்ந்தான். அவன் துல்லியத்தைப் பார்த்துத் தாமதமாக வந்த இரண்டு பெஞ்சுக்காரர்கள் அவனையே பின்பற்றத் தொடங்கினார்கள். மாஸ்டர் கேட்டிலிருந்து எட்டிப் பார்த்தார். ஓலை வாசித்தபோது அவன் பெஞ்சை இறுகப் பிடித்துக்கொண்டதையும் பார்த்தார். ஃபாதர் இந்தத் தடவை முன்னெச்சரிக்கையாக ஓலையைப் பிரசங்கத்துக்கு முன்னாலேயே வாசித்துவிட்டிருந்தார். ஆனால் மாஸ்டர் முகத்தில் மகிழ்ச்சியைக் காணோம். அடுத்த பெயர் தன்னுடையது என்று தெரிந்து பரீட்சைக்குக் காத்திருப்பவர் முகம்போல இருந்தது.

பிரசங்கம் தொடங்கியது. எல்லாரும் சாய்ந்து உட்கார்ந்தார்கள். அப்போது பத்து மாடிக் குடியிருப்பு ஒன்றிலிருந்து அவனுக்கு அழைப்பு வந்தது. லிஃப்ட் ஆறாவது மாடிக்கும் ஏழாவது மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது. உள்ளே ஒருவர். அவர் அழைத்தார். அவர் மனைவி அழைத்தாள். காவலாளி அழைத்தார்.

ஒரு அதிர்வு. அவன் எழுந்தான். இரண்டு. உட்கார்ந்தான். மூன்று. முழங்காலிட்டான். ஒன்று. எழுந்தான். ரிலே எரிந்துபோன லிஃப்ட் மாதிரி ஏறி இறங்கினான். அவனை நம்பிய இரண்டு பெஞ்சும் கூடவே ஏறி இறங்கியது. அவர்களைப் பார்த்துப் பெண்கள் பக்கத்தில் ஒரு வரிசை முழங்காலிட்டது. ஒரு பெரியவர், "இந்த ஃபாதர் வந்ததிலேருந்து முறையெல்லாம் மாறிப்போச்சு" என்று முனகியபடி எழுந்தார்.

ஃபாதர் பிரசங்கத்தை நிறுத்தினார்.

"லிஃப்ட் தம்பி, ஏதாவது அவசரமா?"

"ஆமா ஃபாதர்" என்றான் அவன், போனைப் பார்த்துவிட்டு. "ஒருத்தர் ஆறாவது மாடிக்கும் ஏழாவது மாடிக்கும் நடுவுல மாட்டிக்கிட்டாரு."

"அப்ப இங்க என்ன செய்றீங்க? ஓடுங்க. அவரை வெளியே எடுங்க. அதுவும் பூசைதான்."

அவன் ஓடினான். கேட்டில் மாஸ்டர் வழிமறித்தார்.

"பாதியில போறியா? அப்ப தேறல."

சொன்ன குரலில் ஒரு நிம்மதி இருந்தது. நின்று யோசிக்க அவனுக்கு நேரமில்லை.

*

திருமண நாள். கோயில் நிறைந்திருந்தது. பீடத்தின் முன்னால் மெக்கானிக் புதுக் கோட்டில் நின்றான். வாசலில் அவள் வெள்ளை உடையில், கையில் பூச்செண்டோடு, தனியாக நின்றாள். கேட்டில் மாஸ்டர் புதுக் கோட்டுக்கு மேல் விசிலைத் தொங்கவிட்டு, காலியாக இருந்த தெருவில் வராத வண்டிகளுக்குக் கைகாட்டிக்கொண்டிருந்தார்.

பாட்டுக்குழு வரவேற்புப் பாட்டை இரண்டு தடவை பாடி முடித்துவிட்டது.

மெக்கானிக் ஃபாதரைப் பார்த்தான். "ரெண்டு நிமிஷம் ஃபாதர். வெளியே ஒருத்தர் மாட்டிக்கிட்டிருக்காரு."

"எடுத்துட்டு வாங்க" என்றார் ஃபாதர்.

மாப்பிள்ளை நடுப்பாதை வழியாக வெளியே ஓடுவதைக் கோயில் வாயைப் பிளந்து பார்த்தது. ஓலைக்கு எழுந்து நின்றவன் அல்லவா!

"மாமா, நான் தேறல" என்றான் அவன், கேட்டில் மூச்சு வாங்கியபடி. "இனிமேலும் தேறமாட்டேன். அதனால ஒரு யோசனை. நீங்க உள்ளே வந்து முதல் பெஞ்சுல உட்காருங்க. நீங்க எழுந்தா நான் எழறேன். நீங்க உட்கார்ந்தா நான் உட்கார்றேன். உங்களையே பார்த்துக்கிட்டிருக்கேன்."

"என்னையா?" மாஸ்டரின் கை விசிலைத் தேடியது. "என்னை எதுக்குப் பார்க்கிறே? வேற ஆளைப் பாரு."

"வேற ஆளைப் பார்த்து மைக் வரைக்கும் போயாச்சு மாமா."

"வண்டிங்க வரும்..."

"வராது. வர்றவங்க எல்லாம் வந்தாச்சு. உங்க மகதான் உள்ளே வரணும்."

மாஸ்டர் வாசலைப் பார்த்தார். அவள் அங்கிருந்து இவரைப் பார்த்தாள். கூப்பிடவில்லை, பூச்செண்டை இடது கைக்கு மாற்றி, வலது கையைக் காலியாக வைத்துக்கொண்டாள்.

"நான் எதையாவது தப்பாச் செஞ்சுட்டா?" என்றார் மாஸ்டர்.

"நானும் அதையே செய்வேன். ஒருத்தன் செஞ்சா தப்பு. ரெண்டு பேர் சேர்ந்து செஞ்சா, அதுதான் முறை போலன்னு நினைச்சுக்குவாங்க மாமா. எங்க லிஃப்ட் மாதிரி ஏறி இறங்கின ரெண்டு பெஞ்சை நீங்களே பார்த்தீங்களே."

மாஸ்டர் சிரித்துவிட்டார். மூக்கைத் துடைத்துக்கொண்டார். விசிலைக் கழற்றி, பக்கத்தில் வந்து நின்ற கோயில்பிள்ளையின் கையில் வைத்தார்.

"கேட்டைக் கொஞ்சம் பார்த்துக்கோங்க."

"பார்த்துக்கிறேன் மாஸ்டர். நீங்க போங்க" என்றார் கோயில்பிள்ளை.

அப்பாவும் மகளும் நடந்து வந்தார்கள்.

"அப்பா, உங்க கை நடுங்குது."

"முதல் தடவை வண்டி எடுக்கிறப்ப அப்படித்தான் இருக்கும். நேராப் பார்த்து நட."

சடங்கு தொடங்கியது. மாப்பிள்ளை மாமனாரைப் பார்த்தான். மாமனார் மாப்பிள்ளையைப் பார்த்தார். கோயில் எழுந்தது, இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். மாப்பிள்ளை லேசாக எழ, மாமனார் அதைப் பார்த்து எழ, அதற்குள் கோயில் உட்கார்ந்துவிட்டது. ஒருவர் முட்டி போட்டால் மற்றவர் எழுந்தார். அதைத் திருத்தப்போய், எழுந்தவர் முட்டி போட, முட்டி போட்டவர் எழுந்தார். யாரும் சத்தமாகச் சிரிக்கவில்லை. ஃபாதர் ஒவ்வொரு தடவையும், "இப்போது எல்லாரும் எழுவோம்", "இப்போது எல்லாரும் அமர்வோம்" என்று தேவைக்கு மேல் அன்பாக அறிவித்துக்கொண்டே வந்தார். தலைமையாசிரியை மாஸ்டரின் பக்கத்து இடத்துக்கு நகர்ந்து உட்கார்ந்து, முழங்கையால் நேரம் பார்த்து இடித்துக்கொடுத்தார்.

வாக்குறுதியை மட்டும் மெக்கானிக் யாரையும் பார்க்காமல், ஒரு சொல்லும் தவறாமல் சொன்னான். அவளையே பார்த்துக்கொண்டு சொன்னான்.

எல்லாம் முடிந்தபின், கையெழுத்துப் போட அவன் பின்னறைக்குப் போனான். ஜன்னலுக்கு வெளியே முற்றத்தில் மாஸ்டர் மகள் கையை இன்னும் விடாமல் பிடித்துக்கொண்டு நின்றார். வண்டிகள் கண்டபடி குறுக்கும் நெடுக்குமாக நின்று ஒலியெழுப்பிக்கொண்டிருந்தன. அவர் திரும்பியே பார்க்கவில்லை.

கோயில்பிள்ளை, கழுத்தில் விசிலோடு, திருமணப் பதிவேட்டை விரித்து வைத்தார். மெக்கானிக் பேனாவை எடுத்தான்.

"பெரியவரே, ஒண்ணு கேட்கட்டுமா? நான் தடுமாறினது சரி. மாமா ஏன் அவ்வளவு தடுமாறினாரு? அவருக்கு எல்லாம் தெரியுமே!"

கோயில்பிள்ளை அவன் கையெழுத்துப் போட்டு முடிக்கும்வரை காத்திருந்தார். மை காய ஊதினார். பிறகு ஜன்னலைப் பார்த்துச் சிரித்தபடி சொன்னார்.

"ஓலை வாசிக்கிறப்ப எழுந்து நின்ன மாப்பிள்ளை இந்தக் கோயில்ல நீங்க ரெண்டாவது ஆளு தம்பி; முதல் ஆளு, உங்களை மாதிரியே ஆயர்கிட்ட அனுமதித் தாள் வாங்கிக் கட்டிக்கிட்டவரு, தன் கல்யாணத்துக்கு அப்புறம் முப்பது வருஷம் கழிச்சு இன்னிக்குத்தான் உள்ளே வந்தாரு."